இடது கையில் உட்கார்ந்திருக்கும் பாக்: நவீன அமெரிக்க பியானோவும் பரோக்கும்

கேள்வி: நவீன அமெரிக்க பியானோ இசையில் பரோக் தாக்கம், அதாவது 17, 18ம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையின் தாக்கம், நிறைய என்று அடிக்கடி படிக்கிறேன். என் காதில் விழுவதெல்லாம் ஜாஸும், ஒன்றையே திரும்பத் திரும்ப வாசிக்கும் மினிமலிசமும்தான். பாக் காலத்து இசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நடுவில் ஒரு ஃபியூக் எழுதிவிட்டால் அது பரோக் தாக்கம் ஆகிவிடுமா?

ஜூலை 3, இரவு

ஆகிவிடும் என்றுதான் சொல்வேன், அந்த ஃபியூக் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து. அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் பியானோ சொனாட்டா, ஓபஸ் 26, கேட்டிருக்கிறீர்களா? 1949ல் எழுதி முடித்தது. நான்கு பகுதிகள், கடைசிப் பகுதி முழுக்க நான்கு குரல் ஃபியூக்.

ஃபியூக் தெரியாதவர்களுக்கு: ஒரு குரல் தனியாக ஒரு வாக்கியத்தைச் சொல்லித் தொடங்கும். அது முடிந்ததும் இன்னொரு குரல் அதே வாக்கியத்தை வேறு ஸ்வரத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். முதல் குரல் வாயை மூடிக்கொள்ளாது, எதிர்ப்பேச்சு பேசும். அப்புறம் மூன்றாவது, நான்காவது. இலக்கணம் பாக் 1722ல் 'வெல்-டெம்பர்ட் கிளேவியர்' முதல் தொகுதியில் எழுதிய அதே இலக்கணம்தான். ஆனால் பார்பரின் வாக்கியத்தின் தாளத்தைக் கேளுங்கள். அழுத்தம் விழவேண்டிய இடத்தில் விழாமல் கொஞ்சம் முன்னாலேயே விழுந்து தள்ளிவிடும். ஜாஸ் கேட்டு வளர்ந்த ஊரில்தான் இப்படி ஒரு வாக்கியம் பிறக்க முடியும். நடுவில் ஓரிடத்தில் கிராமத்து ஆட்டம் மாதிரி ஒரு துள்ளல் வரும், அதுவும் அந்த வாக்கியத்திலிருந்து முளைத்ததுதான்.

பார்பர் முதலில் மூன்று பகுதியோடு நிறுத்தத்தான் நினைத்தார். பியானோ கலைஞர் ஹோரோவிட்ஸ் பார்த்துவிட்டு, கடைசியில் விறுவிறுப்பாக ஒன்று வேண்டும், ஆனால் அதில் விஷயமும் இருக்க வேண்டும் என்று கேட்டார். பார்பர் கொடுத்தது ஃபியூக். கைதட்டல் வாங்க வேண்டிய இடத்தில் ஒருவர் 200 வருடத்துக்கு முந்தைய வடிவத்தை நம்பிக் கையில் எடுத்தார் என்பதே எனக்குப் போதுமான பதில். ஹோரோவிட்ஸ்தான் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அதை முதன்முதலாக வாசித்தார்.

ஜூலை 4, காலை

நேற்று எழுதியதில் ஒரு தவறு. முதல் அரங்கேற்றம் கார்னகி ஹாலில் நடக்கவில்லை. 1949 டிசம்பர் 9 அன்று ஹவானாவில் வாசித்துப் பார்த்துவிட்டு, 1950 ஜனவரியில்தான் நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார் ஹோரோவிட்ஸ்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. இந்த சொனாட்டாவை எழுதப் பணம் கொடுத்தவர்கள் இர்விங் பெர்லினும் ரிச்சர்ட் ராட்ஜர்ஸும். இருவருமே பிராட்வே பாட்டுக்காரர்கள், ஊரே முணுமுணுத்த மெட்டுகளைப் போட்டவர்கள். அவர்கள் காசில் ஒரு ஃபியூக் பிறந்தது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

ஜூலை 5, இரவு

ஃபியூக் வெறும் பரீட்சை விடைத்தாள், சட்டையை மாட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவர் மாறிவிட மாட்டார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வதில் பாதி நியாயம்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் பியானோ கற்க ஆரம்பித்தது 33 வயதில், சென்னையில், மாடி அறையில் சொல்லிக்கொடுக்கும் ஒரு மிஸ்ஸிடம். ஆறு மாதம் வலது கையில் மெட்டு, இடது கையில் கார்டு (சேர்த்து அமுக்கும் ஸ்வர அடுக்கு), அவ்வளவுதான். சினிமாப் பாட்டெல்லாம் அப்படியே வாசித்துவிடலாம், கேட்பவர்களும் சந்தோஷப்படுவார்கள். பிறகு மிஸ் பாக்கின் முதல் இருகுரல் இன்வென்ஷனை எடுத்து வைத்தார். ஸ்வரத்தில் சொன்னால் அதன் ஆரம்பம் ச ரி க ம ரி க ச ப. வலது கை இதைச் சொல்லும். அரை பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) கழித்து இடது கை ஒரு ஸ்தாயி கீழே அதையே சொல்லும். அடுத்த பாரில் வலது கை பஞ்சமத்தை ஆதாரமாக வைத்து மறுபடி தொடங்கும், இடது கை மறுபடி துரத்தும். பார்த்தால் குழந்தைப் பாடம்.

என்னால் வாசிக்க முடியவில்லை. இடது கைக்குப் பேசத் தெரியவில்லை. வலது கை நின்றால் தானும் நிற்கும், வலது கை ஓங்கினால் தானும் ஓங்கும். மிஸ் சொன்னார்: "வலது கையை மடியில வைங்க. மூணு வாரத்துக்கு இடது கை மட்டும். அது பாடற மாதிரி வர்ற வரைக்கும் இந்தக் கையத் தொடக்கூடாது." மூன்று வாரம் என்பது ஏழு வாரம் ஆனது. மோதிர விரலும் சுண்டு விரலும் ரி, ச என்று இறங்கும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழும், அந்த ஒரு இடத்துக்கு மட்டும் பத்து நாள்.

அதற்குப் பிறகு எந்த பியானோ இசையைக் கேட்டாலும் என் காது முதலில் இடது கைக்குத்தான் போகிறது. அது வேலைக்காரன் மாதிரி பின்னால் நிற்கிறதா, இல்லை தானும் ஒரு ஆளாகப் பேசுகிறதா என்று. விடைத்தாள் என்று சொன்னவருக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஃபியூக் என்ற பெயர்ப்பலகையை விடுங்கள். இடது கையைக் கேளுங்கள்.

ஜூலை 7

ஆகவே முதல் நாள் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பரோக்கிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பெரிய சொத்து ஃபியூக்கைவிட பாசகாலியா என்று இப்போது நினைக்கிறேன்.

பாசகாலியாவில் கீழ்க்குரல் ஒரு சிறிய வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும், அது மாறாது. மேலே நடப்பது ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும். நம் வீட்டு வாசலில் புள்ளி வைக்கிற மாதிரி. புள்ளி வரிசை ஒன்றுதான், அதைச் சுற்றி இழுக்கும் கோடு ஒவ்வொரு நாளும் வேறு.

ஏரன் கோப்லண்ட் என்றால் எல்லோருக்கும் அமெரிக்கச் சமவெளி, கௌபாய் பாலே எல்லாம் ஞாபகம் வரும். அவர் 20 வயதில் பாரிஸுக்குப் போய் நாடியா புலாஞ்சேயிடம் படிக்கும்போது எழுதியது ஒரு பியானோ பாசகாலியா, 1921-22ல். ஆசிரியைக்கே சமர்ப்பணம். எட்டு பார் கருப்பொருள். இருட்டான, கனமான இசை. அதற்கு எட்டு வருடம் கழித்து 1930ல் 'பியானோ வேரியேஷன்ஸ்' எழுதினார். அதில் பரோக் வாசனையே இல்லை, கல்லில் உளி அடிக்கிற மாதிரி ஒலிக்கும். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து கேட்டால் புரியும். ஒரு சின்னக் கருவை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து மட்டுமே வீடு கட்டுவது என்ற பிடிவாதம் பாசகாலியாவில் பழகியதுதான்.

புலாஞ்சேயைப் பற்றி ஒரு முழு நாள் எழுதலாம். கோப்லண்ட், வால்டர் பிஸ்டன், ராய் ஹாரிஸ், எலியட் கார்ட்டர், பிலிப் கிளாஸ் என்று அமெரிக்காவிலிருந்து வரிசையாக அவரிடம் போனார்கள். புதன்கிழமை மாலைகளில் வீட்டில் மாணவர்களை உட்காரவைத்து பாக்கின் கன்டாட்டாக்களை, அதாவது பல பகுதிகள் கொண்ட பாடல் படைப்புகளைப் பாட வைப்பார். பிஸ்டன் 1943ல் பியானோவுக்கு ஒரு பாசகாலியா எழுதினார். கார்ட்டரின் 1946 பியானோ சொனாட்டாவின் இரண்டாம் பகுதிக்குள் ஒரு ஃபியூக் உண்டு. பார்பரும் இந்தப் பள்ளியில்

ஜூலை 7, சற்று நேரம் கழித்து

பாதியில் அனுப்பிவிட்டேன், அனுப்பியதும் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அந்த வாக்கியமே தவறு. பார்பர் புலாஞ்சேயின் மாணவர் இல்லை. அவர் பிலடெல்ஃபியாவில் கர்டிஸ் இன்ஸ்டிட்யூட் என்ற இசைப் பள்ளியில் ரொசாரியோ ஸ்காலேரோ என்ற இத்தாலியரிடம் படித்தவர். ஸ்காலேரோவும் கவுண்டர்பாயிண்ட், அதாவது பல குரல்களைப் பின்னும் கலை, விஷயத்தில் விடாக்கண்டர். அதே ஸ்காலேரோவிடம் பிறகு படித்த லூகாஸ் ஃபாஸ், ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு தப்பிவந்த பையன், பதின்பருவத்திலேயே இருகுரல் இன்வென்ஷன்கள் நான்கு எழுதினார். ஆக வழி இரண்டு. ஒன்று பாரிஸ் வழி, இன்னொன்று பிலடெல்ஃபியா வழி.

ஜூலை 9, இரவு

கர்டிஸ் என்று எழுதியதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

1951ல் அங்கே சேர விண்ணப்பித்து, வாசித்துக் காட்டி, இடம் கிடைக்காமல் திரும்பிய பெண் யூனிஸ் வேமன். வட கரோலினாவில் டிரையான் என்ற சின்ன ஊர். அம்மா மெதடிஸ்ட் போதகர். ஊரில் ஒரு ஆங்கிலேய ஆசிரியை அவளுக்கு பாக் சொல்லிக்கொடுத்தார். ஊரே காசு சேர்த்துப் படிக்க வைத்தது. கறுப்பினப் பெண் என்பதால்தான் தன்னை ஒதுக்கினார்கள் என்று கடைசிவரை அவர் நம்பினார். பிழைப்புக்காக 1954ல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் வாசிக்கப் போனார், அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று பெயரை மாற்றிக்கொண்டார். நீனா சிமோன்.

1957 இறுதியில் பதிவான அவருடைய முதல் ஆல்பத்தில் 'லவ் மீ ஆர் லீவ் மீ' இருக்கிறது. 1928ம் வருடத்துப் பழைய மேடைப்பாட்டு. பாடிக்கொண்டே வருவார், பேஸும் டிரம்ஸும் நன்றாக நடைபோடும், நடுவில் பியானோ தனி. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று ஹெட்ஃபோனில் கேளுங்கள். வலது கை ஒரு ஓட்டத்தை விடுகிறது. ஜாஸ் தனியில் இடது கை இங்கே கார்டு போட்டுக்கொண்டிருக்க வேண்டும். போடவில்லை. அது வலது கையோடு சமமாக ஓடத் தொடங்குகிறது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது, ஒன்று நிற்கும்போது மற்றது நிரப்புகிறது. அப்படியே பாக் இன்வென்ஷன். கீழே டிரம்ஸ் மட்டும் ஸ்விங்கிலேயே இருக்கிறது, ஒரு இம்மிகூட நகரவில்லை. இரண்டு உலகத்தையும் ஒட்டவைத்த தையல் எங்கே என்று நான் முப்பது நாற்பது முறை கேட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பரோக் தாக்கம் என்று சொன்னதும் நாம் முதலில் பார்பரையும் கோப்லண்டையும் தேடுகிறோம், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இந்தத் தனியை முதலில் வைத்திருக்க வேண்டும். உள்ளே விடாத பள்ளிக்கூடத்தின் பாடத்தை அவர் ஒரு மதுக்கூட பியானோவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டார். 2003ல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு அதே கர்டிஸ் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது.

ஜூலை 10

கீத் ஜாரட் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், பாக்கின் 'வெல்-டெம்பர்ட் கிளேவியர்' முதல் தொகுதியை 1987ல் பியானோவில் பதிவு செய்தார், இரண்டாம் தொகுதியை பியானோவுக்கு முந்தைய கருவியான ஹார்ப்சிகார்டில். நான் முதலில் வாங்கியபோது ஜாஸ் மேதை ஆயிற்றே, அங்கங்கே எதையாவது சேர்த்து இழைப்பார் என்று காத்திருந்தேன். ஒன்றுமே செய்யவில்லை. எழுதியது எழுதியபடி, நேராக. ஏமாந்துபோய் அலமாரியில் வைத்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் அந்த அடக்கத்தின் ருசி தெரிந்தது. மணிக்கணக்கில் மேடையில் கற்பனையாகவே வாசிக்கத் தெரிந்த மனிதர், இங்கே சேர்க்க எதுவும் இல்லை என்று கையைக் கட்டிக்கொள்கிறார்.

இன்னொரு ஜாஸ் பியானோ கலைஞர் பிராட் மெல்டாவ் வேறு வழி. 2018ல் வந்த 'ஆஃப்டர் பாக்'கில் ஒரு பாக் பிரெலூட் (முன்னிசைத் துண்டு) வாசிப்பார், உடனே அதிலிருந்து கிளைத்த தன் சொந்தப் படைப்பு ஒன்று. எது முடிந்து எது தொடங்கியது என்று கவனிக்கத் தவறினால் தெரியாது. புதிதாகக் கேட்க வருபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று நீளமாக எழுதப்போகிறேன், இந்த இழையில் நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது இதுதான். ஃபிரெடரிக் ஷெவ்ஸ்கி.

1938ல் மாசசூசெட்ஸில் பிறந்த இசையமைப்பாளர், 2021ல் காலமானார். பலருக்கும் தெரிந்த அவர் படைப்பு 1975ல் எழுதியது, சிலி நாட்டுப் போராட்டப் பாட்டு ஒன்றின்மேல் 36 வேரியேஷன்கள், அதாவது ஒரே கருவின் மாற்றுருவங்கள், ஒரு மணி நேரம் வரும். கடைசியில் மூலப்பாட்டு திரும்பி வரும். பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்களில் 30 சுற்று முடிந்து தொடக்க மெட்டான ஏரியா திரும்பி வருகிற மாதிரியே. அது பெரிய மலை. நான் பேச நினைப்பது 1978-79ல் எழுதிய 'நார்த் அமெரிக்கன் பேலட்ஸ்', நான்கு பியானோ துண்டுகள். நான்குமே தொழிலாளர், போராட்டப் பாட்டுகளை எடுத்துக் கட்டியவை. ஒன்று 'விச் சைட் ஆர் யூ ஆன்?', கென்டக்கியின் ஹார்லன் பகுதி நிலக்கரிச் சுரங்கப் போராட்டத்தில், 1931ல், ஒரு தொழிற்சங்கக்காரரின் மனைவி ஃப்ளாரன்ஸ் ரீஸ் எழுதிய பாட்டு.

இவற்றை எழுத ஷெவ்ஸ்கி எடுத்துக்கொண்ட மாதிரி பாக்கின் கோரல் பிரெலூடுகள். அவரே சொன்னது.

கோரல் பிரெலூட் என்றால் என்ன? லூத்தரன் தேவாலயத்தில் சபையார் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனை. அவர்கள் பாடுவதற்கு முன் ஆர்கன் வாசிப்பவர் அந்த மெட்டை எடுத்து வாசிப்பார். மெட்டு ஒரு குரலில் நீள நீளமாக வரும். சுற்றிலும் ஓடும் மற்ற குரல்கள் எல்லாம் அதே மெட்டின் துண்டுகளால் ஆனவை, சுருக்கியது, நீட்டியது, கவிழ்த்தது. கேட்பவன் படிக்காதவனாக இருக்கலாம், ஆனால் மெட்டு அவனுடையது, அவன் அம்மா பாடியது. அதனால் சுற்றிலும் எவ்வளவு சிக்கல் போட்டாலும் அவன் தொலைந்துபோக மாட்டான்.

இந்த இடத்தைத்தான் ஷெவ்ஸ்கி பிடித்தார். தேவாலயச் சபைக்குப் பதில் வேலைநிறுத்தத்தில் நிற்கும் கூட்டம். கீர்த்தனைக்குப் பதில் சங்கப் பாட்டு. மெட்டு அவர்களுடையது என்பதால் எவ்வளவு கடினமான கவுண்டர்பாயிண்டையும் துணிந்து போடலாம். பரோக்கின் ஒலியை மேற்பூச்சாக எடுத்துக்கொண்டவர்கள் நிறைய. பாக் யாருக்காக எழுதினார், கேட்பவர் கையில் எதைக் கொடுத்துவிட்டு எழுதினார் என்பதை எடுத்துக்கொண்டவர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

நான்காவது துண்டு 'வின்ஸ்பரோ காட்டன் மில் ப்ளூஸ்'. தென் கரோலினா நூற்பாலைப் பாட்டு. பியானோவின் அடிக்கோடியில், இரண்டு கையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை மாற்றி மாற்றி அமுக்கும் ஒரு உறுமலோடு தொடங்கும். ரொம்ப மெல்ல. அது விடாமல் ஏறிக்கொண்டே போகும், விரல் போதாமல் உள்ளங்கை, உள்ளங்கை போதாமல் முழங்கை வரை கட்டைகள்மேல் விழும். சங்கீதமே இல்லை, இயந்திரம்தான். அப்புறம் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ப்ளூஸ் சோம்பலாக எழுந்து வரும், ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிற ஆள் மாதிரி.

என் பெரியப்பா கோவையில் ஒரு மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் 27 வருடம் இருந்தார். வீட்டுக்கு வந்தாலும் உரக்கத்தான் பேசுவார், நாங்கள் கோபமாக இருக்கிறார் என்று நினைப்போம். சிறுவயதில் ஒரு ஆயுத பூஜைக்கு உள்ளே கூட்டிப்போனார், பூஜை முடிந்து மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். சத்தம் காதில் விழவில்லை, நெஞ்செலும்பில்தான் கேட்டது. இந்தத் துண்டை முதன்முறை கேட்டபோது அதே எலும்பில் கேட்டது. அவர் உயிரோடு இருந்திருந்தால் போட்டுக் காட்டியிருப்பேன்.

ஜூலை 14

நேற்றைய பதிவுக்கு ஒரு தொடர்ச்சி. ப்ளூஸ் என்பதே ஒரு வகை பாசகாலியாதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அட, இது எனக்கு ஏன் தோன்றவில்லை!

12 பார் ப்ளூஸில் ஸ்வர அடுக்குகளின் வரிசை மாறாது, சுற்றிச் சுற்றி வரும், மேலே பாடுபவரோ வாசிப்பவரோ ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் சொல்ல வேண்டும். பூகி-வூகி என்ற ப்ளூஸ் பியானோ பாணியில் இடது கை ஒரே உருட்டலைச் சலிக்காமல் ஓட்டும். 17ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஷாக்கோன் என்றும் பாசகாலியா என்றும் சொன்னதற்கு மிசிசிப்பிக் கரையில் ஒரு தனிச் சகோதரன் பிறந்து வளர்ந்திருக்கிறான். ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கியதாக நான் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்கக் காதுக்குச் சுற்றிவரும் அடித்தளம் என்பது அந்நியமாக இருந்ததே இல்லை, பரோக் வடிவம் வந்தபோது திண்ணையில் இடம் தயாராக இருந்தது.

இதை வைத்துத்தான் மினிமலிச இசையமைப்பாளர் பிலிப் கிளாஸையும் கேட்க வேண்டும். கேள்வி கேட்டவர் மினிமலிசம் ஒன்றையே திரும்ப வாசிக்கிறது என்றார். 'கிளாஸ்வொர்க்ஸ்' ஆல்பத்தின் முதல் துண்டை எடுங்கள். வலது கையில் மூன்று மூன்றாக, இடது கையில் இரண்டு இரண்டாக. சில கார்டுகள் சுற்றிவருகின்றன. பாக்கின் முதல் சி மேஜர் பிரெலூடைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், அதிலும் மெட்டு என்று தனியாக எதுவும் இல்லை, கார்டுகளைப் பிரித்துப் பிரித்து ஓட விட்டிருக்கிறார், அவ்வளவுதான். கிளாஸ் 1964லிருந்து இரண்டு வருடம் புலாஞ்சேயிடம் கவுண்டர்பாயிண்டை அரிச்சுவடியிலிருந்து மறுபடி படித்தவர். அதே பாரிஸ் நாட்களில்தான் ரவிசங்கருக்காக ஒரு படத்தின் இசையை எழுதித்தரும் வேலையும் பார்த்தார், அல்லா ரக்காவின் தாளக்கணக்கு அங்கே காதில் விழுந்தது. காந்தியின் தென்னாப்பிரிக்க நாட்களைப் பற்றிய அவருடைய ஓபராவைக் கட்டி நிறுத்துவதும் ஷாக்கோன் வடிவம்தான், அதன் கடைசிக் காட்சியைப் பியானோவுக்கு மாற்றியதை இப்போது பலர் வாசிக்கிறார்கள்.

ஜூலை 18

கொஞ்சம் வெளியே போய்வருகிறேன். கேனன். ஒரு குரல் சொல்வதை இன்னொரு குரல் சற்றுப் பின்னால் அப்படியே சொல்லிவருவது. இதை உலகத்தில் யாரும் போகாத எல்லைக்குக் கொண்டுபோனவர் கான்லன் நான்காரோ. அர்கன்சாவின் டெக்ஸர்கானாவில் 1912ல் பிறந்தவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் சண்டை போட்டுத் திரும்பினார். கம்யூனிஸ்ட் என்று பாஸ்போர்ட் தர மறுத்தார்கள், 1940ல் மெக்ஸிகோவுக்குப் போய்விட்டார். அங்கே உட்கார்ந்து தானாக வாசிக்கும் பியானோவுக்காகக் காகிதச் சுருளில் ஒவ்வொரு ஓட்டையாகக் கையால் குத்தினார். சில நிமிட இசைக்குப் பல மாதம்.

அவர் 'ஸ்டடி' என்று எண் போட்டு எழுதிய துண்டுகளில் 21ம் எண்ணைக் கேளுங்கள். இரண்டே குரல். ஒன்று மெதுவாகத் தொடங்கி வேகமாகிக்கொண்டே போகும், மற்றது தலைதெறிக்கத் தொடங்கி மெதுவாகிக்கொண்டே வரும், நடுவில் ஒரு கணம் இரண்டும் ஒரே வேகத்தில் சந்தித்துக் கடந்துபோகும். 37ம் எண்ணில் 12 குரல், 12 வேகம். மனிதக் கைக்கு நடக்காத காரியம். ஆனால் அடியில் இருக்கும் விதி பாக் கோல்ட்பெர்கில் மூன்றாவது வேரியேஷன்தோறும் வைத்த அதே கேனன்.

இவரை அமெரிக்கர் என்று சொல்லலாமா, மெக்ஸிகோ குடியுரிமை வாங்கியவர் ஆயிற்றே என்றால், சொல்லலாம் என்பேன். ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹிண்டமித்தையே சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். 1942ல் யேல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே 'லூடுஸ் டோனாலிஸ்' எழுதினார், 12 ஃபியூக். அதன் முதல் துண்டைத் தலைகீழாகப் பிடித்தால் கடைசித் துண்டு வந்துவிடும். நான் பிரதியை வாங்கிவந்து நிஜமாகவே திருப்பிப் பார்த்தேன், ஸ்வரம் ஸ்வரமாக.

ஜூலை 20

சுருதி பற்றி யாருமே பேசவில்லை. கர்நாடக சங்கீதம் கேட்பவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள், உங்களுக்காக அமெரிக்க இசையமைப்பாளர் லூ ஹாரிசன்.

அவர் 1985ல் கீத் ஜாரட்டுக்காக ஒரு பியானோ கான்செர்டோ (பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது) எழுதினார். அதை வாசிக்க பியானோவையே வேறு மாதிரி சுருதி சேர்க்க வேண்டும். கிர்ன்பெர்கர் இரண்டாம் முறை. கிர்ன்பெர்கர் யார்? பாக்கின் மாணவர். இன்றைய பியானோவில் 12 அரைச்சுரங்களும் சம இடைவெளி, அதனால் எந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைத்து வாசித்தாலும் ஒரே குணம், எதிலும் காந்தாரம் முழுச் சுத்தம் இல்லை. கிர்ன்பெர்கர் முறையில் சில வெள்ளைக் கட்டைகளிலிருந்து சுத்தமான காந்தாரம் கிடைக்கும், கறுப்புக் கட்டைகளில் சுத்தமான பஞ்சமங்கள். விலையாக, சில கட்டைகளிலிருந்து தொடங்கினால் காந்தாரம் உறைக்கும். ஒவ்வொரு ஸ்வரஸ்தானத்துக்கும் ஒரு முகம்.

என் டிஜிட்டல் பியானோவில் இந்தத் தேர்வு இருக்கிறது. மூன்று பொத்தான் அமுக்கினால் வரும். சி, ஈ இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தேன். எப்போதும் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நடுக்கம் ஓடும், இத்தனை வருடமாக அது அங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியாது. நின்றுவிட்டது. தம்புரா சேர்ந்துவிட்ட கணம் மாதிரி அறையே அமைதியாயிற்று. அப்புறம் எஃப் ஷார்ப்பிலிருந்து அதே இடைவெளியை அமுக்கினேன். பல் கூசியது.

ஜூலை 21

சின்னத் திருத்தம். என் பியானோவில் இருப்பது கிர்ன்பெர்கர் மூன்றாம் முறை. ஹாரிசன் கேட்டது இரண்டாவது. சி-ஈ இரண்டிலும் சுத்தம்தான், அதனால் நேற்றுச் சொன்னது பொய்யில்லை, ஆனால் ஒன்றே என்று நினைத்துவிட வேண்டாம்.

ஜூலை 27, இரவு

கேள்வி கேட்டவர் பார்பர் ஃபியூக்கைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். மூன்றாவது குரல் வந்ததும் தொலைந்துவிட்டேன், மறுபடி எங்கே பிடிப்பது என்கிறார்.

பிடிக்க வேண்டாம். ஃபியூக்கை விட்டுவிட்டு அதற்கு முந்தைய பகுதியை, மெதுவான மூன்றாம் பகுதியைக் கேளுங்கள். மேலே சோகமான நீண்ட மெட்டு, அதை விடுங்கள். கீழே ஒரு உருவம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. 12 ஸ்வரத்தையும் தொட்டுச் சுற்றும் வரிசை அது, 12 ஸ்வர முறையைக் கொண்டுவந்த ஷோன்பெர்க் காலத்துச் சரக்கு, ஆனால் பார்பர் அதைப் பயன்படுத்துவது பழைய பாசகாலியாவின் கீழ்க்குரலாக. முதல் இரண்டு தடவை அதை மட்டும் பின்தொடருங்கள். காது கீழே பழகிவிட்டால் ஃபியூக்கில் குரல்கள் உள்ளே நுழையும் இடங்கள் தானாகத் தெரியவரும், குறிப்பாக இடது கை உள்ளே வரும் இடம்.

நான் இன்று பழைய இன்வென்ஷனைத் திரும்ப எடுத்தேன், இடது கை மட்டும். ரி, ச என்று இறங்கும் அந்த இடத்தில் சுண்டு விரல் இன்னும் கொஞ்சம் அவசரப்படுகிறது.